கிலோமீட்டரை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சென்னையிலிருந்து வெளிநாட்டு விமான நிலையங்களுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிங்கப்பூர் சாங்கிக்குச் சுமார் 2,920 கி.மீ., துபாய்க்கு 2,930, கொழும்பு கட்டுநாயக்காவுக்கு 647, யாழ்ப்பாணம் பலாலிக்கு 356. நேரம்தான் உதைக்கிறது. எல்லாத் தூரத்தையும் மணிக்கு 800 கி.மீ. என்ற ஒரே வேகத்தால் வகுத்திருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிகிறது. சிங்கப்பூர் 3 மணி 39 நிமிடம், துபாய் 3 மணி 40 நிமிடம், கொழும்பு 49 நிமிடம், பலாலி 27 நிமிடம். பலாலிக்கு 27 நிமிடத்தில் போகிற பயணிகள் விமானம் எதுவும் கிடையாது. மண்ணடியில் டிக்கெட் போடுகிற கடைகளுக்கு அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டே ஆட்கள் வருகிறார்கள். அதை வைத்து அடுத்த விமானத்தையும், அங்கே கூட்டிப்போக வருகிறவருக்குச் சொல்ல வேண்டிய நேரத்தையும் முடிவு செய்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். புறப்படும் நேரம் என்பது சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு அண்டைக்கொடுத்த கட்டையை எடுத்துவிட்டு, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரமும் ஓடுபாதையைத் தொடும் நேரம் இல்லை. அந்த ஊரில் நிறுத்துமிடத்தில் போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் நேரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் தொழிலில் பிளாக் டைம் என்கிறோம். அதற்குள் பின்னோக்கித் தள்ளுவது, ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் வரிசை, ஏற்றம், சமநிலைப் பறத்தல், இறக்கம், இறங்கியபின் நிறுத்துமிடம் வரை உருளுவது எல்லாம் அடக்கம். 800 கி.மீ. வேகம் என்பது இதில் நடுவில் இருக்கும் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

கொழும்பைப் பிரித்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். மீனம்பாக்கத்தில் நகரத் தொடங்கி ஓடுபாதையில் ஏறுவதற்குள் 15 நிமிடம் போய்விடும். ஏ320 வகை விமானம் உயரத்துக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் எடுக்கும். அதற்குள் 200 கி.மீ. கடந்திருக்கும். இறங்குவதற்கும் அதே போலச் சேருமிடத்துக்கு 200 கி.மீ. சொச்சம் முன்னாலேயே மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஆக 647 கி.மீ.யில் முழு வேகத்தில் பறப்பது 200 கி.மீ. சொச்சம், கால் மணி நேரம். மீதி எல்லாம் ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும்தான். அதனால்தான் அட்டவணைப்படி 49 நிமிடம் ஆக வேண்டிய கொழும்புக்கு டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம், 1 மணி 30 நிமிடம் என்று போட்டிருக்கிறது.

பலாலி இன்னும் வேடிக்கை. கொழும்பை விடத் தூரம் கிட்டத்தட்டப் பாதி. ஆனால் டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம். 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்த பலாலியின் ஓடுபாதை குட்டையானது. ஜெட் விமானம் போவதில்லை. இறக்கையில் காற்றாடி சுற்றும் ஏடிஆர் 72 தான் போகிறது. அதன் உச்சமான பறக்கும் வேகமே மணிக்குச் சுமார் 510 கி.மீ.தான். எந்த விமானம் போகிறது என்று பார்க்காமல் நேரத்தைச் சொல்லவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சென்னையிலிருந்து கிடையாது.

அடுத்து சிங்கப்பூரும் துபாயும். உங்கள் அட்டவணையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இரண்டுக்கும் தூரம் பத்து கி.மீ.தான் வித்தியாசம். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. தூரத்தை மட்டும் பார்த்தால் நான்கு பயணமும், அதாவது இரண்டு போக, இரண்டு வர, ஒரே நேரம் எடுக்க வேண்டும். எடுப்பதில்லை. துபாய் போகச் சுமார் 4 மணி 10 நிமிடம் முதல் 4 மணி 40 வரை போடுகிறார்கள்; துபாயிலிருந்து திரும்பச் சுமார் 3 மணி 50 முதல் 4 மணி 15 வரை. சிங்கப்பூருக்கு 4 மணி 15 முதல் 4 மணி 40 வரை.

காரணம் காற்று. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: படகின் வேகம் தண்ணீரில்தான், கரைக்குக் கணக்கு பார்க்கும்போது நீரோட்டத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். மேலேயும் அதே கதைதான். மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு எதிரே 80 கி.மீ. வேகத்தில் சீராகக் காற்று வீசினால், தரைக்கணக்கில் அதன் வேகம் 750. 2,930 கி.மீ.க்கு 3 மணி 54 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 910. 3 மணி 13 நிமிடம். வித்தியாசம் 41 நிமிடம். காற்றே இல்லையென்றால் 3 மணி 32 நிமிடம். கவனித்துப் பாருங்கள்: எதிர்க்காற்று 22 நிமிடத்தைத் தின்கிறது, பின்காற்று 19 நிமிடத்தைத்தான் திருப்பித் தருகிறது. போகும்போது இழந்தது வரும்போது சரியாகிவிடும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த மூன்று நிமிடம் உதைக்கும். இதெல்லாம் பறக்கும் கணக்கு மட்டுமே. ஊர்வதும் ஏறி இறங்குவதும் தனி.

குளிர்காலத்தில் வட இந்தியா, ஓமான், வளைகுடாப் பக்கம் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடும். துபாய் விமானம் ரத்னகிரி, கோவா பக்கம் கரையைக் கடந்து அரபிக்கடலுக்கு மேலே வடமேற்காகப் போகப் போக அந்தக் காற்றுக்குள் நுழைகிறது. அதனால் டிசம்பர், ஜனவரியில் போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் அதிகம். தென்மேற்குப் பருவ மாதங்களில் கதை மாறும். கீழே தென்மேற்கிலிருந்து காற்று வீசினாலும், நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி. கோடீஸ்வரம் 1958-இல் இதை விவரித்து எழுதினார். அதன் மையம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும் ஓரம் படத்தான் செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை துபாய்ப் பயணத்தில் போக்குக்கும் வரத்துக்கும் உள்ள இடைவெளி குறைவதும், சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று வருவதும் இதனால்தான். ஆகவே ‘பயண நேரம்’ என்று ஒரே பத்தி போடுவது தப்பு. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வேண்டும்.

நேர்க்கோடு பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் போட்டிருப்பது உருண்டையான பூமியின் மேல் இரு நிலையங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம். விமானம் அப்படியே போவதில்லை. வகுத்துவைத்த வான்பாதை, புயல் மேகத்தைச் சுற்றுவது, இறங்குமிடத்தில் வரிசை, எல்லாம் சேர்ந்து கூடும். ஒரு நாடு வான்வெளியை மூடிவிட்டால் இன்னும் கூடும். 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தபோது ஐரோப்பா போன பலர் இதை அனுபவித்தார்கள். சென்னை - துபாய்ப் பாதை அரபிக்கடல் வழியாகப் போவதால் அந்தத் தொல்லை அதிகம் இல்லை.

இனி கடிகாரம். எங்கள் கடைகளில் பத்து சண்டை நடந்தால் எட்டு இதில்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். துபாயும் மஸ்கட்டும் ஒன்றரை மணி பின்னால். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். இலங்கை 2006 ஏப்ரல் 15 முதல் நம் நேரமே. பழைய ஆட்கள் இன்னும் சிங்கப்பூருக்கு இரண்டு மணி வித்தியாசம் என்பார்கள்; 1982 தொடக்கத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டன என்பது அவர்களுக்குத் தெரியாது.

கணக்கு எளிது. சேரும் நேரத்தை முதலில் இந்திய நேரமாக்க வேண்டும், பிறகு கழிக்க வேண்டும். சென்னையில் இரவு 23:30-க்குப் புறப்பட்டு மறுநாள் 06:15-க்கு சாங்கி என்றால், 06:15-இலிருந்து இரண்டரை மணி கழித்தால் 03:45. பயணம் 4 மணி 15 நிமிடம். வெறுமனே கழித்துவிட்டு ஆறே முக்கால் மணி நேரப் பயணம், நடுவில் எங்கோ நிற்கிறது, ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். துபாய்க்கு நேர்மாறு. 09:50-க்குப் புறப்பட்டு 12:35-க்கு இறங்கினால் 2 மணி 45 நிமிடம்போலத் தெரியும். ஒன்றரை மணி கூட்டினால் 14:05. பயணம் அதே 4 மணி 15 நிமிடம். ராயபுரம், தண்டையார்பேட்டையிலிருந்து சிங்கப்பூரிலோ ஃபுஜைராவிலோ கப்பல் ஏறப் போகும் மாலுமிகளுக்கு இது விளையாட்டு இல்லை. கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் படகு அந்த ஊர்க் கடிகாரப்படிதான் கிளம்பும். கைபேசியில் நேரம் தானாக மாறிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் கைக்கடிகாரத்தை நம்பியிருந்தால் படகு போய்விடும்.

லண்டன் மாதிரி ஊர்களில் கடிகாரமே வருடத்துக்கு இரண்டு முறை நகரும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட நாலரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை மணி.

நடுவில் மாறிப் போகிறவர்களுக்குக் கணக்கு எப்படி என்று கேட்கிறார்கள். மாறும் ஊரில் இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் ஒரே கடிகாரம் என்பதால் அங்கே நேராகக் கழித்தால் போதும். ஒரு கோடைகாலக் கணக்கு: சென்னை 03:50, துபாய் 06:30, துபாய் 09:45, லண்டன் 14:20. முதல் பயணம் 4 மணி 10 நிமிடம். துபாயில் காத்திருப்பு 3 மணி 15 நிமிடம். லண்டனுக்கு மூன்று மணி வித்தியாசத்தைச் சேர்த்தால் 7 மணி 35 நிமிடம். மொத்தம் 15 மணி. சரிபார்க்க, லண்டன் 14:20 என்பது நமக்கு 18:50. அதிலிருந்து 03:50-ஐக் கழித்துப் பாருங்கள். இதில் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேராக 8,230 கி.மீ. சுமார், துபாய் வழியாக 8,430. சுற்று 200 கி.மீ.தான், கால் மணி நேரப் பறத்தல். கூடுவது தரையில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறோம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்குவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. லக்கேஜும் பொதுவாகக் கடைசி ஊருக்கே போகும். தனித்தனி என்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காலாவதி. லக்கேஜை எடுக்க வெளியே வர வேண்டும்; வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். அப்படி வாங்கியே தீர வேண்டுமென்றால் இடையில் ஆறு மணி நேரமாவது விடச் சொல்வோம். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தும் நிலையம் வேறாக இருக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். துபாயில் பழைய நிலையம் ஒன்று, அல் மக்தூம் ஒன்று. பழைய நிலையத்துக்குள்ளேயே இரண்டாம் முனையம் மற்ற முனையங்களிலிருந்து ஒதுங்கித் தனியாக, எதிர்ப்பக்கம் இருக்கிறது.

மக்காவுக்கு உம்ரா என்ற புனிதப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று. ஜித்தாவில் இறங்கும் நேரத்தை வைத்து இஹ்ராம் கட்டும் நேரத்தை, அதாவது அந்தப் பயணத்துக்கான தூய நிலைக்குள் நுழையும் நேரத்தை, கணக்கிடாதீர்கள். அதற்குள் இஹ்ராம் கட்டியிருக்க வேண்டிய மீகாத் எல்லையை விமானம் இறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே கடந்துவிடும், பின்காற்று இருந்தால் அறிவிப்பும் முன்னதாகவே வரும். இஹ்ராம் உடையை இங்கேயே உடுத்திக்கொண்டு ஏறிவிட்டு, நிய்யத் என்ற மன உறுதியை மட்டும் அறிவிப்பு வரும்போது வைப்பதே பலரும் செய்வது.

தேதி விஷயத்தை விட்டுவிட முடியாது. வெளிநாட்டு விமானங்களில் பாதி நள்ளிரவை ஒட்டித்தான். ‘14-ஆம் தேதி 00:40’ என்றால் 13-ஆம் தேதி இரவு கிளம்ப வேண்டும். 14-ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்கிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு, அவர்களுக்குச் செய்ய எங்களிடம் ஒன்றும் இருக்காது. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும் என்பது பயமுறுத்தலுக்குச் சொல்வதில்லை. செக்-இன் கவுன்ட்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பு மூடுவார்கள், சில நிறுவனங்கள் 75 நிமிடம் முன்பே. கேட்டை 20, 25 நிமிடம் முன்பு சாத்திவிடுவார்கள். நடுவில் இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை.

அந்த மூன்று மணிக்கு முன்னால் வடசென்னைக்காரர் தன் கணக்கைச் சேர்க்க வேண்டும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை நீல வழித்தட மெட்ரோ சுமார் 32 கி.மீ., சுமார் ஒரு மணி நேரம். இதுதான் நம்பத்தகுந்தது, 2021 பிப்ரவரியிலிருந்து திருவொற்றியூர்வரை வந்துவிட்டது. மண்ணடியில் ஏறினால் இன்னும் குறைவு. ஆனால் காலை 5 மணிக்கு முன்பும் இரவு 11-க்குப் பிறகும் வண்டி இல்லை. 00:40 விமானத்துக்கு எட்டு மணி மெட்ரோ சரியாக இருக்கும். அதிகாலை 4 மணி விமானத்துக்கு ஒன்று, முந்தைய இரவே கடைசி மெட்ரோவில் போய் உட்கார வேண்டும். இல்லை, வண்டி பிடிக்க வேண்டும். வண்டி என்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பெரம்பூர்ப் பக்கமிருந்து வருகிறவருக்குச் சுற்று. சிங்கப்பூருக்கு நாலே கால் மணி நேரத்தில் போகிற ஆள், வீட்டிலிருந்து விமான இருக்கைக்கு வர ஐந்து மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

அங்கே இறங்கிய பிறகும் உண்டு. கோலாலம்பூர் நிலையம் இருப்பது சிப்பாங்கில். ஊருக்குள் போக விரைவு ரயிலிலேயே அரை மணி நேரம். கட்டுநாயக்காவிலிருந்து கொழும்பு 30 கி.மீ.க்கு மேல். சாங்கியிலிருந்து நகரம் சுமார் 20. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகை அட்டையை இணையத்தில் மூன்று நாளுக்குள் பதிந்துவிட்டுப் போகாதவர் அங்கே வரிசையில் நின்றுகொண்டு கைபேசியில் தட்டிக்கொண்டிருப்பார்.

எந்த அட்டவணையும் காப்பாற்றாத நாட்களும் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே சில நாள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். போகிக் காலை இன்னொன்று. 2018 ஜனவரி 13-இல் புகையும் பனியும் சேர்ந்து பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அன்றைய அதிகாலையில் வந்து இறங்கி அடுத்த விமானம் பிடிக்கும்படி டிக்கெட் போடாமல் இருப்பது நல்லது.

ஆகவே வரும் ஞாயிறு அட்டவணையைத் திருத்திப் போட வேண்டுகிறோம். ஒவ்வொரு ஊருக்கும் தூரம், விமான வகை, போக ஆகும் நேரம், வர ஆகும் நேரம், கடிகார வித்தியாசம் என்று ஐந்து பத்திகள் போதும். நேரங்களை வகுத்து எடுக்காமல் விமான நிறுவனங்களின் நடப்பு அட்டவணையிலிருந்து எடுங்கள். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அவை மாறும், அப்போது மறுபடி பார்க்க வேண்டும். இடம் போதாதென்றால் பலாலி வரியையாவது உடனே மாற்றுங்கள்: 356 கி.மீ., ஏடிஆர் 72, 1 மணி 15 நிமிடம், கடிகார வித்தியாசம் இல்லை.

இப்படிக்கு,
பயணச்சீட்டுத் தொழிலில் உள்ள சிலர்,
மண்ணடி, சென்னை - 600 001.